இல்லாத ட்ரெயிலருக்கு ஒரு ட்றக்

“இருபத்தாறு அடி ட்ரெயிலர் தம்பி, உள்ளுக்கே சமைச்சுப் படுக்கிற வண்டில். அதை இழுக்க ஒரு பிக்கப் ட்றக் பார்க்கவேணும்” என்றார் சண்முகலிங்கம், பிறந்த நாள் தொட்டு ட்ரெயிலர் இழுத்தவர் மாதிரி.

அவரிடம் ட்ரெயிலர் இல்லை. கலியாண வயதில் ஒரு மகள்தான் இருந்தாள்.

மகள் ரதிக்குப் பேசி வந்த மாப்பிள்ளைதான் முன்னால் நின்ற தயாபரன். கிங்ஸ்ரன் வீதியில் பழைய ட்றக் விற்கும் இந்த இடத்தில் சேல்ஸ்மன். சாதகம் பொருந்திவிட்டது. அவன் வீட்டார் அனுப்பிய படத்தை ரதி இன்னும் திருப்பித் தரவில்லை, ஆகவே அதுவும் பொருந்திவிட்டது. இனிப் பொடியனை விசாரிக்கவேண்டியதுதான் மிச்சம்.

ஊரென்றால் சந்திக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்தால் போதும், பரம்பரைக் கதை முழுக்க வந்து விழும். கனடாவில், இந்த ஸ்காபரோவில் யாரைப் போய்க் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரனுக்கே பக்கத்து வீட்டைத் தெரியாது. அதனால்தான் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதச் சனிக்கிழமையொன்றில், தன்னைக் கண்டிராத பொடியனிடம் மனிதர் தானே வாடிக்கையாளராகக் கிளம்பி வந்துவிட்டார்.

“வாகனம் விக்கிறவன் வாய் திறந்தாப் பொய்தான் சொல்லுவான்” என்று மனைவி கமலாம்பிகை சொல்லியிருந்தாள். ஒரு பொய் அகப்பட்டாலும் சம்பந்தம் வேண்டாம். இதுதான் தீர்மானம்.

தயாபரன் முதலில் கேட்டது கையில் எவ்வளவு காசு என்பதை அல்ல, ட்ரெயிலரின் பாரத்தை.

“ஐயாயிரம் இறாத்தல்” என்றார். நூலகத்தில் ஒரு சஞ்சிகையைப் பார்த்துப் பாடமாக்கியிருந்தார்.

“அது வெறும் ட்ரெயிலர் அங்கிள். உள்ளுக்கு என்னென்ன ஏத்துவீங்கள்?”

இந்தக் கேள்வி சஞ்சிகையில் இருக்கவில்லை. சண்முகலிங்கம் தன் வீட்டுக் குசினியை நினைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். அரிசி மூட்டை, இடியப்பச் சட்டி, காஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி நிறைய ஆட்டிறைச்சி, மச்சாள் வீட்டாரின் பாய் தலையணை. சொல்லச் சொல்ல அவருக்கே பயணம் போகும் ஆசை வந்துவிட்டது. தயாபரன் ஒரு கடதாசியில் கூட்டிக்கொண்டே போனான். தண்ணீர்த் தாங்கியையும் சேர்த்தபோது ஏழாயிரம் வந்தது.

விற்பனைக்கு ஒரு சிவப்புப் பிக்கப் கழுவித் துடைத்து முன்னுக்கு நின்றது. பாரம் தாங்கும் கணக்கில் அரைத் தொன் வகை. பக்கத்தில் விற்றுப்போன முக்கால் தொன் ஒன்று, எடுக்க வருபவருக்காகக் காத்து நின்றது. தயாபரன் வெளுத்த காற்சட்டையென்றும் பாராமல் முக்கால் தொன்னின் பக்கத்தில் நிலத்தில் முழந்தாளிட்டான்.

“சில்லைப் பாருங்கோ. சிவப்புக்கு அஞ்சு நட்டு, இதுக்கு எட்டு. ஸ்பிறிங்கும் இதுக்குத்தான் தடிப்பு. சிவப்பு உங்கட ட்ரெயிலரை இழுக்கும் அங்கிள், இழுக்காதெண்டு இல்லை. ஆனா இறக்கத்தில நிப்பாட்டவும் வேணுமே!”

கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். இதுதான் நேரமென்று சண்முகலிங்கம் தூண்டிலைப் போட்டார்.

“எனக்கு உந்தச் சிவப்புதான் பிடிச்சிருக்கு. இதுவே காணும், போதும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். இண்டைக்கே எடுக்கிறன்.”

தயாபரன் சிவப்பைப் பார்த்தான். முதலாளியையும் ஒருமுறை பார்த்தான்.

“காணாது அங்கிள். குடும்பத்தோட போறீங்கள். இதை நான் உங்களுக்கு விக்கமாட்டன்.”

தங்கமான பிள்ளை! சண்முகலிங்கத்துக்கு அவனை அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கமலாம்பிகைக்கு இதை எப்படி நடித்துக் காட்டுவதென்றுகூட யோசித்துவிட்டார். பிடிபடுவதற்கு முன் கழன்றுவிட வேண்டியதுதான்.

“முக்கால் தொன் ஒண்டு வந்தா அறிவிக்கிறன். பேரையும் நம்பரையும் எழுதிவிடுங்கோ” என்று தயாபரன் கடதாசியை நீட்டினான்.

பெயர் ஒன்றும் ஓடவில்லை. வாய்க்கு வந்த ‘அலெக்ஸாண்டர்’ என்பதை எழுதினார். நம்பரையும் பொய்யாக எழுதியிருக்க வேண்டும். ஆனால் கை எழுதிப் பழகியது ஒரே ஒரு நம்பரைத்தான்.

தயாபரன் நம்பரை வாசித்தான். பிறகு அலெக்ஸாண்டரின் நெற்றியில் மூன்று குறியாகப் பூசியிருந்த திருநீற்றைப் பார்த்தான். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“அங்கிள், போன கிழமை இந்த நம்பரை அம்மாவுக்கு அடிச்சுக் குடுத்ததே நான்தான். உங்கட பேஸ்மென்ற் வாடகைக்கெண்டு பேப்பரில கிடந்தது. நேரில வந்தும் பார்த்தவ.”

பச்சைச் சேலை கட்டிய அந்த அம்மா! வீட்டுக்குக் கீழே நிலத்தடி அறையில் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்து, ரதி கொடுத்த தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து, “நிலத்தால தண்ணி வாறதோ?” என்று கேட்டவள். நெஞ்சில் கைவைத்து, “ஒரு சொட்டும் வராது” என்று இவர்தான் சொன்னார்.

“வீடு தேடியோ வந்தவ?”

“இல்லை அங்கிள். உங்களை விசாரிக்க வந்தவ.”

சண்முகலிங்கத்துக்குக் காது இரண்டும் சுட்டன. மகளின் கலியாணத்தைத் தன் வாயாலேயே குழப்பிவிட்டாரா?

“அம்மா என்ன சொன்னவ?”

“ரதியை நல்லாப் பிடிச்சிருக்காம். ஆனா பேஸ்மென்ற் சுவரில தண்ணி நிண்ட அடையாளம் இருக்காம். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறா.”

சண்முகலிங்கம் பேனையைத் திருகி மூடினார். பிறகு திறந்தார்.

“பனி உருகேக்க வரும் தம்பி. அம்மாட்டச் சொல்லும்” என்றார் மெல்ல. “கணுக்காலுக்கு மேலயும் வரும்.”

“அப்ப உங்களுக்கு ட்றக் சரிவராது” என்றான் தயாபரன். “வள்ளம்தான் வேணும், மாமா.”