சத்தம் காணாது

மூன்று மண்சட்டி, பழைய மீன்தொட்டி மோட்டர். பிரதீபன் மலிவாகச் செய்து முடித்த நீரூற்று, வெள்ளவத்தை வீட்டின் கேற்றடியில் அழகாகத்தான் ஓடியது.

"இதைப் பின்பக்க மதிலோட வையுங்கோ," என்றாள் மனைவி நிரோஜினி.

"அங்கை வைச்சா ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் பாக்க வேண்டாம்."

நீரூற்று வேண்டுமென்று கேட்டவளே அவள்தான். அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மதிலடிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"சத்தம் காணாது. தண்ணி இன்னும் உயரத்தில இருந்து விழவேணும்."

"வடிவு கெட்டுப்போகுமப்பா."

"கெட்டால் கெடட்டும்."

மேல்சட்டியைக் கல்லடுக்கி உயர்த்தினான். தண்ணீர் சளசளவென்று கொட்டியது. அதன் பிறகுதான் அவள் பின்யன்னலைத் திறந்தாள்.

பின்னேரம் கரண்ட் போனது. நீரூற்று நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண்ணின் கைக்குழந்தை வீரிட்டு அழுதது. பகலெல்லாம் கடையில் நிற்கும் பிரதீபன் அதை அன்றுதான் கேட்டான்.

போன மாதம் பிள்ளைப்பேற்றுக்குப் போய் வெறுங்கையோடு வீடு திரும்பிய நிரோஜினி, இரு காதையும் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள்.

பிரதீபன் மோட்டர் விற்கும் கடைக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, கரண்ட் நிண்டாலும் நிக்காத மோட்டர் இருக்கோ?"