ஒரே மாதிரி ஹைட்ரஜன்

"கார்பனைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மாதிரி இத்தனை ஹைட்ரஜன் இருக்கே, அதுல ஒண்ணை மட்டும் கழட்டிட்டு வேற ஒண்ணை மாட்டினா எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?" ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண், அங்கே எல்லோரும் வாண்டு என்று கூப்பிடும் இளம் வேதியியலாளரிடம் முன்பு ஒருநாள் கேட்டாள்.

"கண்ணால பாத்தா தெரியாதுங்க. வேலை செய்யவிட்டா குட்டு வெளிப்பட்டுடும்" என்று வாண்டு சிரித்தாள்.

இன்று துக்க விடுப்பு முடிந்து பக்கத்து மேசை அக்கா வேலைக்கு வந்திருந்தாள்.

"துரும்பா இளைச்சுட்டீங்கக்கா."

"கூடப் பிறந்தவளைப் புதைச்சுட்டு வந்திருக்கேன். வேற எப்படி இருப்பேன்?"

அக்கா கையுறை மாட்டி, குடுவையில் கரைப்பானை ஊற்றினாள். பிறகு அதே கையுறையோடு கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

வாண்டு நிமிர்ந்து பார்த்தாள். 'கையுறையோட கதவைத் தொட்டா விரலை ஒடிச்சிடுவேன்' என்று ஆய்வகத்தையே மிரட்டி வைத்திருந்தவள் அக்காதான்.

"அக்கா, கையுறை..."

"அதுக்கென்ன?"

அன்று கேள்வி கேட்டவள் அக்காவோடு இரட்டையாகப் பிறந்த தங்கை. இருவருக்கும் அச்சு அசல் ஒரே முகம்.

"அப்ப... புதைச்சது யாரை?" கேட்டாள் வாண்டு.

அந்த முகம் அவள் பக்கம் திரும்பியது. பிறகு கையுறையைக் கழற்றாமலே கதவைத் திறந்து வெளியே போனது.