ஆழம் காட்டும் கருவி

மாலை வெயில் துறைத் தண்ணீரில் நெளிகிறது. சின்னப் பாய்மரப் படகின் தரைப்பலகையைத் தூக்கிவிட்டு, தம்பி குப்புறப் படுத்தபடி ஆழம் காட்டும் கருவியின் உணரியைப் பசையில் பதிக்கிறான். காற்றுக்குமிழி தங்காதபடி திருகித் திருகி அழுத்துகிறான். "படகு அடியில ஓட்டையே போடலக்கா. மாமா இருந்திருந்தா போட விட்டிருக்க மாட்டாரு." அக்கா சுக்கானருகே அமர்ந்து கருவியின் திரையைப் பார்க்கிறாள். படகின் முனையில் ஈயக்குண்டு கட்டிய கயிறு காய்ந்து கிடக்கிறது. அதை இறக்கி அவள் கணவர் ஆழத்தைக் கூவுவார். காதில் விழுந்தது தெரிய இவள் அதையே திருப்பிச் சொல்வாள். "இனிமே ஆழம் பாக்க ஆளே வேணாம்," என்கிறான் தம்பி. திரையில் எண் விழுகிறது. "மூணு," என்று முனையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறாள் அக்கா. தம்பி தலையைத் தூக்கி, அவள் பார்க்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஒட்டிவிட்ட உணரியை மறுபடி அழுத்துகிறான்.