ஏழாம் நம்பர் குட்டை

"ஒரு மீனைக்கூட யாரும் தொடக் கூடாது. சாகட்டும்!"

மீன்பிடி சங்கத் தலைவர் கரையில் நின்று கத்தினார். இடுப்பில் குழந்தையோடு தள்ளி நின்ற அவர் பெண்டாட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷனுக்கு இருப்பது நெஞ்சா, கருங்கல்லா?

விஷயம் இதுதான். அணையிலிருந்து பத்து நாளைக்குப் பாதித் தண்ணீர்தான் விடுவார்கள். சோதனையாம். ஆறு வற்றிக் குட்டை குட்டையாகப் பிரியும்போது, நூறு மீனுக்காவது ஆபத்து வந்தால் பழையபடி முழுத் தண்ணீர். வராவிட்டால், ஆற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவிட்டு, இனி என்றைக்கும் பாதித் தண்ணீர்தான். இவர்கள் பிழைப்பும் பாதியாகிவிடும்.

எண்ணுவதற்கு ஒரு பெண் அதிகாரி வந்திருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அதனால் எல்லாருக்கும் அவள் 'பூட்ஸ் மேடம்'. குட்டைக்குக் குட்டை பக்கத்துப் பாறையில் பெயிண்டால் நம்பர் போட்டுக்கொண்டு போனாள்.

"செத்ததை அந்தம்மா எண்ணினாத்தான் நமக்குத் தண்ணி," என்றார் தலைவர். "பாவம் பார்த்து எவனாவது எடுத்து ஆத்துல விட்டீங்க, வலையை அறுத்துடுவேன்!"

"உங்க வீட்டுல சொல்லிட்டீங்களா தலைவரே?" என்று ஒருத்தன் சீண்டினான்.

"என் பேச்சை மீறி என் வீட்டுல ஒரு ஈ கூடப் பறக்காது."

நாலாம் நாள். துணி அலசப் போன தலைவர் பெண்டாட்டி ஏழாம் நம்பர் குட்டையைப் பார்த்தாள். கையகலத் தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்றாக மீன்கள் வாயைப் பிளந்து துடித்தன. இடுப்பிலிருந்த குழந்தை குனிந்து பார்த்துவிட்டு, அதே மாதிரி வாயைத் திறந்து மூடியது.

அவ்வளவுதான். வாளியிலிருந்த துணியைக் கீழே கொட்டிவிட்டு மீனை அள்ளினாள். ஆற்று நடுவில் ஓடிய தண்ணீரில் கொண்டுபோய் விட்டாள். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும்.

"வாளி ஏன் மீன் நாத்தம் அடிக்குது?" என்றார் தலைவர், சாப்பிட உட்கார்ந்தபோது.

"மீன்காரர் வீட்டு வாளி பின்னே பன்னீராவா மணக்கும்?"

வாயைத் திறந்து இவ்வளவு பேசினது அவளுக்கே ஆச்சரியம். அவர் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார். அவள் வாளியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.

பத்தாம் நாள் எல்லாரும் கரையில் கூடினார்கள். பூட்ஸ் மேடம் நோட்டைப் பிரித்தாள்.

"செத்தது முப்பத்தெட்டு."

"ஐயோ, அவ்வளவுதானா?" என்று யாரோ தலையில் கை வைத்தார்கள்.

தலைவர் பெண்டாட்டி இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சொல்லாமலே இருந்துவிடலாம். ஆனால் இத்தனை பேர் வயிற்றில் அடித்துவிட்டு எப்படிச் சும்மா நிற்பது?

"நான்தாங்க," என்றாள், குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு. "ஏழாம் நம்பர் குட்டை மீனை நான்தான் வாளியில அள்ளி ஆத்துல விட்டேன்."

"அடிப்பாவி!" தலைவர் எகிறிக் குதித்தார். "எல்லார் குடியையும் கெடுத்துட்டியே! பத்து நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க முடியலையா உனக்கு?"

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. நான் இன்னும் முடிக்கலை," என்றாள் பூட்ஸ் மேடம். "செத்தாத்தான் கணக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா? தண்ணி குறைஞ்சு குட்டையில மாட்டிக்கிட்டாலே கணக்குதான். யாராவது தூக்கி விட்டாலும் சரி. பாறைக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஒண்ணு விடாம எண்ணியிருக்கேன். அக்கா விட்டது நாற்பத்தொண்ணு."

விரல் விட்டுக் கூட்டினார்கள். எழுபத்தொன்பது.

"இன்னும் இருபத்தொண்ணு குறையுதே!"

குதித்துக்கொண்டிருந்த தலைவர் ஏனோ சட்டென்று அடங்கிப்போனார். இருமினார். எல்லார் முகத்தையும் விட்டுவிட்டு ஆற்றையே பார்த்தார்.

"அண்ணே, நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் படிக்கட்டுமா?"

"நீங்களே படிச்சிடுங்க மேடம்," என்றார் தலைவர், யாருக்கும் கேட்காத குரலில்.

பூட்ஸ் மேடம் பக்கத்தைப் புரட்டினாள். "எட்டாம் நம்பர் குட்டை. தினமும் விடியக்காலை. தலைவர் துண்டுல அள்ளி ஆத்துல விட்டது... அறுபத்திமூணு!"