டோனல் கைகாட்டுகிறான்

எங்கள் ஊர் மதுக்கடையின் அழுக்குக் கண்ணாடி வழியே வரும் மதிய வெயில், டோனலின் பல்லில்லாத வாயோரம் விழுகிறது. "வலியைக் காட்டன்னே பொறந்த வெளிச்சம்!" என்று சிலிர்க்கிறார் லண்டனிலிருந்து வந்த ஆவணப்பட மேதை ஜூலியன். எங்கள் அயர்லாந்து நாட்டுப்பாட்டைப் பங்க் ராக் இசையின் இரைச்சலோடு சேர்த்துக் கட்டிப் பேர் வாங்கியவன் டோனல். குடித்தே சாகக் கிடந்தவன், குடியை விட்டுச் சில மாதமாகிறது. அவன் முன்னால் நுரை ததும்பும் கறுப்பு பீரை நகர்த்தி, "ஒரே மடக்கு, டோனல். உன் நரகத்தை ஜனங்க பாக்கணும்ல?" என்கிறார் மேதை. டோனலின் விரல்கள் கிளாஸை நோக்கிப் போகின்றன. கடைக்காரி ப்ரீஜ் அதைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டுகிறாள். "இவன் செத்தா உனக்கு விருது, எங்களுக்குச் சவப்பெட்டி. வெக்கமா இல்லையாய்யா?" டோனல் கண்ணை மூடிக்கொண்டு, தகரம் கிழிவதுபோல் பாடுகிறான். பக்கத்துக் கிழவர் அவன் கையைப் பற்றிக்கொள்கிறார். எங்கள் வழக்கப்படி, பாடி முடித்தவன் யாரைக் கைகாட்டுகிறானோ அவர் அடுத்துப் பாடியே ஆகவேண்டும்; பாதிரியாருக்கும் விலக்கில்லை. டோனல் ஜூலியனைக் காட்டுகிறான். "ஐயோ, நான் படமெடுக்கறவன்ப்பா!" கடை மொத்தமும் அவர் பக்கம் திரும்புகிறது. கேமராக்காரன் லென்ஸைத் தன் முதலாளி பக்கம் திருப்புகிறான். ஜூலியனுக்கு நெற்றி வேர்க்கிறது, வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. "அவசரமில்ல டைரக்டரே," என்கிறான் டோனல். "அழுதுகிட்டே பாடுங்க, படத்துக்கு எடுப்பா இருக்கும்."