றைஸாவின் மூன்று கேள்வி

“யாரு நீ? முதல்ல அதச் சொல்லு!”

றைஸா போட்ட அதட்டலில் காணிப் புரோக்கர் நெய்னாரின் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பியது. போன் ஸ்பீக்கரில் கிடந்தது.

“என்ன புள்ள இது? நான் ஜௌபர், கத்தார்ல இருந்து பேசுறன். கட்டின புருசனப் போய் ‘நீ’ என்டுறாய்?”

“மெஷினுக்கு என்ன மரியாத?”

“மெஷினா! விளையாடாம காணி விக்கிற உறுதிப் பத்திரத்துல கையெழுத்த வை. ஹோட்டல்காரன் இண்டைக்கு மட்டுந்தான் பாப்பான். இல்லாட்டி தலவிலயில வேற காணி வாங்கிருவான்.”

கண்டக்குழிக் கடலோரத்தில் இருபது பேர்ச் காணி. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரேயொரு பையோடு விரட்டப்பட்ட றைஸாவின் வாப்பா, பதினைந்து வருஷம் முகாமில் கிடந்து வாங்கி, மகளுக்குச் சீதனமாக எழுதியது. அதில்தான் அவள் கருவாடு காயப்போடுகிறாள். அவள் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு பிடி மணலும் கைமாறாது.

“குரல் அவர்ட குரல்தான்,” என்றாள் றைஸா. “ஆனா போன மாசம் மதுரங்குளியில என்ன நடந்திச்சு? ஒருத்தர்ட மகன்ட குரல்ல மெஷின் பேசி, அவர்ட லொறியையே கொண்டு போயிட்டாங்க. நானும் ரெண்டு நாளா யோசிச்சு மூணு கேள்வி வெச்சிருக்கன்.”

“கேளுங்க மதினி. இந்தக் காலத்துல யாரையும் நம்பேலா,” என்றாள் பக்கத்தில் நின்ற றம்லா. அவள் ஜௌபரின் தங்கை.

“வீடியோவில வரச் சொல்லுவமே?” என்றார் நெய்னார்.

“முகத்தையும் மெஷின் செய்யுதாம் நெய்னார் நானா.” றைஸா போன் பக்கம் குனிந்தாள். “சொல்லு. நம்மட மூத்த புள்ள ஸஃப்னா பொறந்தது எந்த மாசம்?”

“அது... நோன்பு முடிஞ்சு... ஹஜ்ஜுக்கு முந்தியா?”

“பிழை. கலியாணத்தண்டைக்கு நான் உடுத்த சாரி என்ன நிறம்?”

“சிவப்பு! எல்லாரும் சிவப்புத்தானே உடுப்பாங்க?”

“நான் உடுத்தது பச்ச. கடைசிக் கேள்வி. எந்த மீன் திண்டா என்ட மேலெல்லாம் தடிச்சுக் கடிக்கும்?”

“நீதான் எல்லா மீனும் திம்பியே புள்ள!”

“கேட்டீங்களா?” றைஸா நிமிர்ந்தாள். “இருபது வருஷம் கூட வாழ்ந்த மனிசனுக்கு இதெல்லாம் தெரியாம இருக்குமா? சூரைதான் எனக்கு ஆகாதுன்டு ஊருக்கே தெரியும். மெஷின்ட பேச்சக் கேட்டு என்ட வாப்பாட மண்ண நான் எழுதிக் குடுக்க மாட்டன்!”

போன் கத்தக் கத்த அதை அணைத்தாள். நெய்னார் பயந்துபோனார். இந்த மோசடியில் நம்மளையும் சேர்த்துப் பொலிஸில் சொல்லிவிடுவார்களோ என்று, உறுதியைச் சுருட்டிக்கொண்டு படலையைத் தாண்டி ஓடியே விட்டார்.

றம்லா றைஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அல்லாஹ்! அப்படியே என்ட நானாட குரல் மதினி. நீங்க கேள்வி கேக்காட்டிக் காணி போயிருக்கும்.”

றைஸா கதிரையில் சாய்ந்து, நெய்னார் குடிக்காமல் விட்ட தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.

“மெஷின் என்டா மூணுக்கும் சரியாச் சொல்லியிருக்கும் றம்லா,” என்றாள். “ஒன்டுக்குமே பதில் தெரியாம முழிச்சது உங்கட நானாவேதான்.”