நூற்றுப் பதினைந்து றாத்தல்

"அசையாமல் நில்லு பிள்ளை, முள்ளு ஆடுது!"

கடற்கரையில் மீன் வாங்கும் வாடியில் இருந்த பெரிய தராசின் மேல் இரத்தினேஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். தாய் யோகம்மா குனிந்து பார்த்தாள்.

"நூற்றுப் பதினாலு! முருகா, தப்பினம்!"

புதிதாகத் தொடங்கிய விமானக் கொம்பனி கொழும்பில் பணிப்பெண்களைத் தெரிவு செய்கிறது. நிறை நூற்றுப் பதினைந்து றாத்தலைத் தாண்டக் கூடாதாம். அடுத்த வருசம் இரத்தினேஸ்வரிக்கு வயது கடந்துவிடும். பழைய விமானக் கொம்பனி மூடியதில், சீனக்குடா விமான நிலையத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அவளுடைய மாமா வேலையில்லாமல் வீட்டில் குந்தியிருக்கிறார்.

"கெதியா இறங்கு. கொப்பர் சந்தையால வந்தால் கத்துவார். இந்தத் தராசில ஆரையும் கை வைக்க விடாத மனுசன்."

"அம்மா, பாவாடை இடுப்பில இறுகுதே. எனக்குப் பயமாக் கிடக்கு."

"விசர்க் கதை கதையாதை! முள்ளு பொய் சொல்லுமே? பட்டினி கிடந்தது காணும். வா, புட்டுச் சாப்பிடு."

அன்று மாலை அவள் கொழும்புக்கு றெயிலேறினாள்.

திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"பன்னிரண்டு றாத்தல் கூடவாம் அப்பா. கேள்வி ஒண்டும் கேக்கேல்லை. தராசால இறங்கின உடனே போகச் சொல்லிட்டினம். அவையின்ர தராசு பிழை எண்டு சொன்னனான். எல்லாரும் சிரிச்சினம்."

மீன் முதலாளி இராசதுரை துள்ளி எழும்பினார். "பகல் கொள்ளை! தங்களுக்கு வேண்டின ஆக்களை எடுக்கிறதுக்கு என்ர பிள்ளையின்ர நிறையில விளையாடியிருக்கிறான்கள். தராசில கள்ளம் செய்யிறவன் உருப்படுவானே? நாளைக்கே கொழும்புக்குப் போய்க் கேக்கிறன். யோகம், இஞ்ச ஆஸ்பத்திரியில பிள்ளையை நிறுத்துத் தந்த துண்டை எடும்!"

"ஆஸ்பத்திரிக்கு ஆர் போனது? எங்கட வாடித் தராசிலதானே ஒவ்வொரு நாளும் நிறுத்தனாங்கள். உங்களுக்குச் சொல்லாதது பிழைதான், கோவிக்காதையுங்கோ."

இராசதுரை அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்கு ஏலவில்லை.

"முதலாளி!" வாடிப் பக்கமிருந்து வள்ளக்காரத் தம்பு கூப்பிட்டான். "மீன் கொண்டந்திட்டம். நிறுப்பமே?"

பத்து றாத்தல் மீனை ஒன்பது என்று காட்டும்படி அந்தத் தராசைத் திருத்தி வைத்திருந்தவர் இராசதுரைதான்.